ஜூரோங் விடுதி வாசலில் சபைத் தலைவர்: அருட்பணிப் பயிற்சி எதைக் கற்றுத்தர வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜூரோங்கில் இரண்டு தமிழ்க் கூட்டங்களைக் காணலாம். ஒன்று, குடும்பத்தோடு ஆராதனைக்குப் போய்வரும் கூட்டம். மற்றொன்று, வாரத்தில் கிடைத்த ஒரே விடுப்பு நாளில் ஊருக்குப் பணம் அனுப்பி, மரத்தடியில் உட்கார்ந்து வீட்டாரிடம் கைப்பேசியில் பேசும் வெளிநாட்டு ஊழியர்களின் கூட்டம். பேசுவது ஒரே மொழி. பலருக்குச் சொந்த மாவட்டமும் ஒன்றாக இருக்கும். ஆனால் இந்த இரு கூட்டங்களும் ஒன்றையொன்று அறிவது குறைவு.

தமிழ்த் திருச்சபைகளில் மூப்பர்களுக்கும் இளையர் தலைவர்களுக்கும் வீட்டுக் கூட்டம் நடத்துவோருக்கும் அவ்வப்போது பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. வேதபாடம், ஜெபம், பிரசங்கம், சபை நிர்வாகம் ஆகியவை அவற்றில் வழக்கமான பாடங்கள். ‘அருட்பணி’ என்ற தலைப்பு வரும்போது பலரின் மனத்தில் எழுவது விமானம் ஏறி வேறு நாட்டுக்குப் போகும் பயணம். அல்லது ஆள் சேர்க்கும் கணக்கு. இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருக்கும் ஊழியர் விடுதி அந்தப் பாடத்தில் எங்கே வருகிறது?

இது கிறிஸ்துவர்களுக்கு மட்டுமான கேள்வியன்று. சமயத் தலைவர் ஒருவர் பலவீனமான நிலையில் இருக்கும் மனிதரை அணுகும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது எல்லாச் சமயத்தாரையும் தொடும் விஷயம். உதவி பெறுகிறவர் பெரும்பாலும் இந்துவாகவோ முஸ்லிமாகவோ இருக்கும் சூழலில் அது இன்னும் முக்கியமாகிறது.

ஷார்ட் ஸ்திரீட்டில் தொடங்கிய கதை

சிங்கப்பூரில் மெதடிஸ்ட் பணி 1885ல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1887ல், ஆஸ்திரேலியாவிலிருந்து சோஃபியா பிளாக்மோர் என்ற பெண் வந்து சேர்ந்தார். தங்கள் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று இந்தியர் சிலர் அவரிடம் கேட்டனர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளோடு ‘தமிழ்ப் பெண்கள் பள்ளி’ தொடங்கியது. இன்று புகழோடு விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அதுதான். தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையும் இன்றுவரை அதே சாலையில் இருக்கிறது.

வந்தவர் முதலில் தம் திட்டத்தை அறிவிக்கவில்லை. இங்கிருந்தவர்களின் தேவையைக் கேட்டார். பெண் கல்வி அரிதாக இருந்த காலத்தில் தமிழ்த் தந்தையர் தாங்களே வந்து கேட்டதைக் காதில் வாங்கியதால்தான் அந்தப் பள்ளி உருவானது. தலைவர்களுக்கான பயிற்சியில் பேசக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பு கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டு இல்லை.

தோட்டம் சொல்லும் எச்சரிக்கை

இன்னொரு பாடம் தோட்டங்களிலிருந்து வருகிறது. 1850களில் இலங்கையின் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடையே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற அமைப்பு பணியைத் தொடங்கியது. இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கம் மிஷனரிகளை அனுப்பியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழ் உபதேசியார்கள் வந்தனர். அவர்களுக்கான செலவில் பெரும் பங்கைத் தோட்டத் துரைமார்களின் நன்கொடை தாங்கியது.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதனால் எழுத்தறிவும் பள்ளியும் கிடைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் உபதேசியார் லயத்துக்குள் நுழைய வேண்டுமானால் துரையின் அனுமதி வேண்டும். அவர் கைக்கு வரும் சம்பளத்திலும் துரையின் பணம் உண்டு. அந்த நிலையில், கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறிக்கொண்டே போவதைப் பற்றி அவரால் எவ்வளவு தூரம் வாய் திறந்திருக்க முடியும்? மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களுக்கும் இந்தச் சங்கடம் புதிதன்று. மானேஜரின் தயவில் கிடைத்த இடத்தில்தான் கோயிலும் எழுந்தது, சிற்றாலயமும் எழுந்தது.

இன்றைய விடுதியில் துரை இல்லை, கங்காணியும் இல்லை. ஆனால் ஊழியரைச் சந்திக்க விடுதி நடத்துநரின் ஒப்புதல் வேண்டும். ஊழியரின் வேலை அனுமதி முதலாளியோடு பிணைந்திருக்கிறது. வேலைக்கு வருவதற்காக ஏஜண்டுக்குக் கொடுத்த பணம் பலருக்கு ஊரில் கடனாக நிற்கிறது. உள்ளே வர அனுமதித்தவருக்கு நன்றி காட்டுவதா, உள்ளே இருப்பவருக்கு உண்மையாக இருப்பதா என்ற பழைய கேள்வி வேறு உடையில் திரும்பி வந்திருக்கிறது. அருட்பணிப் பயிற்சி பெறும் ஒரு தலைவர் இந்த வரலாற்றை அறியாமல் விடுதி வாசலுக்குப் போனால், அன்றைய உபதேசியார் சிக்கிய இடத்திலேயே தாமும் சிக்கிக்கொள்வார்.

ஜூரோங் முன்பே கண்ட முயற்சி

ஜூரோங்குக்குத் தனியாக ஒரு வரலாறும் உண்டு. 1960களில் டாக்டர் கோ கெங் சுவீயின் திட்டத்தின்படி இங்கே சதுப்பு நிலம் திருத்தப்பட்டுத் தொழிற்பேட்டை எழுந்தது. ஆலைகளைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் வந்தன. 1960களின் இறுதியில் பல சபைகள் ஒன்றுசேர்ந்து ‘ஜூரோங் தொழில்துறை அருட்பணி’ என்ற முயற்சியில் இறங்கின. ஆலயத்துக்குள் ஆளை அழைப்பதைவிட, தொழிலாளர் வாழும் இடத்தில் அவர்களோடு இருந்து, அவர்களே தங்கள் பிரச்சினைகளைப் பேசி ஒன்றுதிரள உதவுவது அதன் வழி. 1970களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது.

சமயமும் சமூகப் பிரச்சினையும் சந்திக்கும் இடம் சிங்கப்பூரில் எவ்வளவு கூர்மையானது என்பதை 1987 காட்டியது. அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 22 பேர் கைதாயினர். கத்தோலிக்கத் திருச்சபைப் பணியாளர்களும் தொண்டர்களும் அவர்களில் இருந்தனர். மார்க்சியச் சதி நடந்ததாக அரசாங்கம் கூறியது. விடுதலையான பிறகு அவர்களில் ஒன்பது பேர் அதை மறுத்து அறிக்கை வெளியிட்டனர். வெளிநாட்டு ஊழியர்களுக்காகக் கேலாங்கில் இயங்கிய கத்தோலிக்க நிலையம் மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஆசியக் கிறிஸ்துவ மாமன்றம் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டது. 1990ல் நாடாளுமன்றம் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1992ல் அது நடப்புக்கு வந்தது. சமயங்களுக்கு இடையே பகை மூட்டுவதையும், சமயத்தின் பெயரால் அரசியல் செய்வதையும் தடுக்க அச்சட்டம் அதிகாரம் தருகிறது.

இந்த நிகழ்வுகளைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் இன்றும் உண்டு. ஆனால் அவற்றின் விளைவு ஒன்று தெளிவு. பல சபைகள் தொழிலாளர் பிரச்சினையிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. அன்னதானமும் அன்பளிப்புப் பையும் பாதுகாப்பானவை. சம்பளம் பற்றிய பேச்சு ஆபத்தானது என்ற எண்ணம் ஊறிப்போனது. சட்டம் உண்மையில் எந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறது என்று தெரியாததால், கோட்டுக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2022க்குப் பின் மாறிய விதி

2019ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தங்கள் 2022 நவம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. அவற்றின்படி, விதிவிலக்கு பெற்றிருந்தாலன்றி, ஒரு சமய அமைப்பின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் சிங்கப்பூரராகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் வரும் வெளிநாட்டு நன்கொடைகளைத் தெரிவிக்க வேண்டும். இது எல்லாச் சமயத்துக்கும் பொது.

தமிழ்ச் சபைகளைப் பொறுத்தவரை இதில் ஒரு பயிற்சிப் பிரச்சினை இருக்கிறது. சிங்கப்பூரின் இறையியல் கல்லூரிகளில் பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலமும் சீனமும்தான். திரித்துவ இறையியல் கல்லூரிக்கான எண்ணம் ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த சபைத் தலைவர்களிடையே பிறந்து, 1948ல் கல்லூரியாக மலர்ந்தது. அங்கே பயின்று தமிழ்ச் சபைகளுக்குத் திரும்புவோர் உண்டு. ஆயினும் தமிழில் சரளமாகப் பிரசங்கிக்கக்கூடிய போதகருக்குத் தமிழ்நாட்டையோ இலங்கையையோ பார்க்க வேண்டிய நிலை நீடிக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து சமய உரை நிகழ்த்துவோருக்கு அதற்கென அனுமதியும் தேவை.

வருகிற போதகருக்குத் தமிழ் நன்றாக வரும்; இந்நாட்டுச் சட்டமும் பல சமயச் சூழலும் புதிது. உள்ளூர் மூப்பருக்குச் சூழல் தெரியும். இறையியல் பயிற்சியோ தமிழோ போதாமல் இருக்கலாம். பொறுப்பு உள்ளூர்க்காரர் தோளில் என்று சட்டமே சொல்லிவிட்ட பிறகு, பயிற்சியும் அவரை நோக்கித்தான் திரும்ப வேண்டும்.

தோ குவானில் நடந்தது

2020 ஏப்ரல் 5ஆம் தேதி, பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் ஜூரோங் கிழக்கில் தோ குவான் கிழக்குச் சாலையில் உள்ள வெஸ்ட்லைட் விடுதியும் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டிலுமாக ஏறத்தாழ 20,000 பேர் அறைகளுக்குள் முடங்கினர். பிறகு மற்ற விடுதிகளும் அதே நிலைக்கு வந்தன. அந்த ஆண்டு இறுதியில் அரசாங்கம் வெளியிட்ட விவரப்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கொவிட்-19 தொற்று ஏற்பட்டிருந்தது.

அந்த மாதங்களில் சமய அமைப்புகள் பலவும் உதவிக்கு வந்தன. 2006ல் கிறிஸ்துவர்கள் தொடங்கிய ஹெல்த்செர்வ் அமைப்பு மருத்துவத்தோடு மனநல ஆதரவையும் அளித்தது. சபைகளோடு தொடர்புடைய வெளிநாட்டு ஊழியர் ஆதரவுக் கூட்டணி உணவு விநியோகத்தில் இறங்கியது. கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் குடியேறிகள் நலப் பிரிவும் உதவியது. கோயில்களும் பள்ளிவாசல்களும் குருத்வாராக்களும் பின்தங்கவில்லை.

அப்போது அதிகம் தேவைப்பட்டது தமிழும் வங்காளமும் பேசத் தெரிந்தவர்கள். “உனக்கு வந்திருப்பது என்ன, உன்னை எங்கே அழைத்துப் போகிறார்கள், சம்பளம் நிற்குமா” என்ற மூன்று கேள்விக்குத் தாய்மொழியில் பதில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. தமிழ்ச் சபைகளுக்கு அந்த மொழி இருந்தது. ஆனால் சம்பள விதி என்ன, யாரிடம் கேட்பது என்பதைப் பயிற்சி எதுவும் அவற்றின் தலைவர்களுக்கு முன்கூட்டியே சொல்லித் தந்திருக்கவில்லை. நல்ல மனம் இருந்தும் பதில் இல்லாத நிலை அது.

சாப்பாடும் பிரசங்கமும்

உதவியோடு சமயப் பிரசாரமும் சேர்ந்து வரலாமா? இங்குதான் உண்மையான உரசல் இருக்கிறது. “எங்கள் நம்பிக்கையைச் சொல்லாமல் சோறு மட்டும் கொடுப்பது பாதிப் பணி” என்று நினைப்பவர்கள் சபைக்குள் உண்டு. “பசித்தவனிடம் சமயம் பேசுவது அவன் பலவீனத்தைப் பயன்படுத்துவது” என்று வெளியே நினைப்பவர்களும் உண்டு.

இதற்குக் கிறிஸ்துவ உலகமே ஒரு பதில் எழுதியிருக்கிறது. 2011 ஜூன் மாதம் உலகத் திருச்சபைகள் மாமன்றம், வத்திக்கானின் சமய உரையாடல் மன்றம், உலக நற்செய்திக் கூட்டணி ஆகிய மூன்றும் சேர்ந்து, பல சமய உலகில் கிறிஸ்துவச் சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டன. பல விஷயங்களில் ஒத்துப்போகாத இம்மூன்று அமைப்புகளும் ஒன்றில் உடன்பட்டன: பணம், பொருள் போன்றவற்றைக் காட்டி ஈர்ப்பதும், மக்களின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்வதும் அருட்பணி ஆகாது. கல்வி, மருத்துவம் போன்ற சேவைகளிலும் அந்தக் கவனம் வேண்டும் என்றது அந்த ஆவணம்.

விடுதியில் வசிப்பவருக்கு இதன் பொருள் எளிது. உணவுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஜெபக் கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்ல அவருக்கு முழு உரிமை வேண்டும். அப்படிச் சொன்னவருக்கு அடுத்த வாரமும் அதே பொட்டலம், அதே சிரிப்போடு கிடைக்க வேண்டும். அவராகவே கேட்டால் நம்பிக்கையைப் பற்றிப் பேசலாம், கேட்காதவரிடம் திணிக்கக்கூடாது. இதை வாசிக்கும்போது யாருக்கும் மறுப்பிருக்காது. ஆனால் நன்கொடையாளர் ஒருவர் “எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள்” என்று கேட்கும்போது, “அந்தக் கணக்கு நாங்கள் எடுப்பதில்லை” என்று சொல்லத் துணிவு வேண்டும். அந்தத் துணிவையும் பயிற்சிதான் தர வேண்டும்.

நெல்லை மாவட்டத்தில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதன் வேரை நூறாண்டுக்கு முன்பே தொட்டார். 1903ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர் அவர். 1912ல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் எவ்வளவோ தியாகம் செய்தும் இந்தியரைச் சமமாக நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் கேட்டது நட்பை. இன்று கொடுக்கும் இடத்தில் தமிழர் இருக்கிறார்கள். நிரந்தரமாகக் குடியேறிய தமிழர், ஒப்பந்தத்தில் வந்த தமிழரைச் சமமாக உட்காரவைத்துப் பேசுகிறாரா என்று அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்.

சபைக்குள்ளும் ஒரு வேலை

அருட்பணி வெளியே மட்டும் இல்லை என்பதை 2021 ஜனவரியில் வெளியான ஒரு செய்தி உணர்த்தியது. இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டதாக 16 வயது மாணவர் ஒருவர் தடுத்துவைக்கப்பட்டிருந்தார். அவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த புரோட்டஸ்டன்ட் கிறிஸ்துவர். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் தாக்குதலைப் பற்றி இணையத்தில் பார்த்து அவர் தாமாகவே தீவிரவாதத்துக்கு மாறியதாகவும், தனியாகச் செயல்பட்டதாகவும் அதிகாரிகள் கூறினர். ஒரு பிள்ளையின் செயலுக்கு ஒரு சமூகம் பொறுப்பாகாது. ஆனால் மற்ற சமயத்தாரைப் பற்றி மேடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் என்ன பேசப்படுகிறது, அதை இளையர் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கவனிப்பது தலைவரின் கடமை.

தமிழ்ச் சபைகளுக்கு மொழிப் பிரச்சினையும் சேர்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியர்களில் 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். இந்தியர்களில் எட்டில் ஒருவர் கிறிஸ்துவர். சபையில் பாட்டி தமிழில் ஜெபிக்கிறார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். அதே வேளையில் விடுதியில் இருப்பவருக்குத் தமிழ்தான் தெரியும். இளையரை விடுதி ஊழியரோடு உட்காரவைத்தால் இரு பக்கமும் பயன் உண்டு. ஒருவருக்கு ஆங்கிலப் படிவத்தை நிரப்ப ஆள் கிடைக்கும். மற்றவருக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே தமிழ் கிடைக்கும்.

பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டியவை

மதுரை அரசரடியில் 1969ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் தங்கிப் பயில வைத்ததற்காகப் பெயர் பெற்றது. ஜூரோங்கில் அதை அப்படியே செய்ய முடியாது. ஆனால் அதன் அடிப்படை பொருந்தும்: யாருக்காகப் பணியோ அவர்களிடமிருந்து பாதிப் பாடத்தைக் கற்க வேண்டும்.

நடைமுறையில் சில பாடங்கள் உடனே சேர்க்கத் தக்கவை. 2016 ஏப்ரல் முதல் முதலாளிகள் விவரமான சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். அடிப்படைச் சம்பளம், மிகைநேர ஊதியம், பிடித்தம் ஆகியவற்றை அதில் பார்த்துச் சொல்ல மூப்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலையில் காயம்பட்டவர் இழப்பீடு கோர ஓராண்டுக் கெடு உண்டு. சம்பளப் பாக்கி பற்றிய புகாரை 2017ல் தொடங்கிய முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் கொண்டுபோகலாம். வேலையை விட்டவருக்கு ஆறு மாதக் கெடு. 2009ல் அமைந்த வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இருக்கிறது. இந்த விவரங்கள் தெரிந்த ஒருவர் காயம்பட்டவரோடு அமைச்சின் அலுவலகத்துக்குத் துணையாகப் போவது அரசியல் ஆகாது. சட்டம் ஏற்கெனவே தந்திருக்கும் உரிமையை அவர் கையில் எடுத்துக் கொடுப்பதுதான் அது. 1987க்குப் பிறகு ஊறிப்போன தயக்கத்துக்கும் பழைய உபதேசியாரின் மௌனத்துக்கும் இதுவே பதில்.

தாமான் ஜூரோங்கில் தேவாலயமும் அசியாகிரின் பள்ளிவாசலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஜூரோங் கிழக்கில் முருகன் கோயில் இருக்கிறது. பயிற்சியின் ஒரு வகுப்பை இந்த அண்டை வீட்டாரைச் சந்திப்பதற்கு ஒதுக்கலாம். விடுதிகளில் ஒரே அறையில் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்துவரும் அடுத்தடுத்த படுக்கையில் தூங்குகிறார்கள். அவர்களுக்கு உதவப் போகிறவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பது பொருத்தமில்லை.

கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் துறைகளில் இன்று நாலு லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு ஊழியர்கள் இந்நாட்டில் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜூரோங்கில் ஒரு சபை மூப்பரை நிறுத்தி, கட்டுப்போட்ட கையோடு ஒரு காகிதத்தை நீட்டி, “அண்ணே, இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்கக்கூடும். அந்தக் காகிதத்தை வாசித்துச் சொல்லி, திங்கட்கிழமை அவரோடு புறப்படத் தெரிந்தவரை உருவாக்கினால் பயிற்சி பலன் தந்தது என்று சொல்லலாம்.